லேப்டாப் இருண்டு போனால் பதற வேண்டாம்: முதலில் பவர் செட்டிங்கைப் பாருங்க



இப்போது பல குழுக்களில் ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு, சேமிப்புப் பதிவு எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவதோடு லேப்டாப்பிலும் ஏற்றி வைக்கிறோம். வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதும், தணிக்கைக்குப் போகும்போதும் இது பெரிய உதவி. ஆனா ஊருக்கு ஊர் ஒரே மாதிரி புகார் வருது. "கணக்கு போட்டுக்கிட்டே இருக்கேன், திடீர்னு திரை கருப்பாயிடுது மேடம்." "மூடி வச்சுட்டுத் திறந்தா உயிரே வர மாட்டேங்குது."

இப்படி ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். கணக்காளர் அக்கா மதியம் முழுக்க உட்கார்ந்து ஆறு மாதக் கடன் வசூலை ஏற்றினார். நடுவில் கரண்ட் போச்சு. பேட்டரியில் ஓடுதேன்னு தண்ணீர் பிடிக்கப் போனார். வந்து பார்த்தால் திரை கருப்பு. பயத்தில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார். மறுபடி போட்டால் அத்தனை கணக்கும் காணோம். அடுத்த கூட்டத்தில், "தெரியாத வேலையில ஏன் கை வைக்கணும்?" என்று பேச்சு வந்தது. இன்னும் ஒரு படி மேலே போய், "கணக்கை அழிச்சதே அவங்கதானோ" என்று கூடச் சிலர் பேசினார்கள். பழுது பார்க்கும் கடையில், போர்டு போச்சு, 4,500 ரூபாய் ஆகும் என்றார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது போர்டில் ஒரு கோளாறும் இல்லை. கரண்ட் இல்லாத நேரத்தில் பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தூங்கிவிடு என்று லேப்டாப்பில் ஒரு செட்டிங் இருந்தது. லேப்டாப் சொன்னபடி தூங்கியது. அவ்வளவுதான்.

ஒரு செட்டிங் தெரியாததால் குழுவுக்குப் பணச் செலவு வரப் பார்த்தது. ஒரு பெண்ணின் நேர்மை மீதே சந்தேகம் வந்தது. அதனால்தான் இந்த விஷயத்தை இந்த இதழில் விரிவாக எழுதுகிறோம்.

நம்ம லேப்டாப்பில் என்ன இருக்கு?

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அப்போது பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸுடன் சேர்த்து 'பாஸ் லினக்ஸ்' என்பதையும் போட்டுத் தந்தார்கள். இது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போன பிறகு, வீட்டில் சும்மா கிடந்த அந்த லேப்டாப்தான் பல குழுக்களில் கணக்கு லேப்டாப் ஆகியிருக்கு.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு உதவி 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான பொது உதவி 2025 அக்டோபரிலும் முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போட மனசில்லாமல் அதில் 'லினக்ஸ் மின்ட்' போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. லினக்ஸ் என்பது யாருக்கும் காசு கட்டாமல் பயன்படுத்தக்கூடிய, உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் திறந்தே வைத்திருக்கிற மென்பொருள். நாம் இங்கே சொல்வது லினக்ஸ் மின்டில் 'சினமன்' என்ற வகைக்கு. மற்ற வகைகளில் பெயரும் இடமும் கொஞ்சம் மாறும், ஆனா விஷயம் ஒன்றுதான்.

மூன்று வகை இருட்டு

திரை கருப்பானால் எல்லாம் ஒரே விஷயம் என்று நினைத்துவிடுகிறோம். அதில் மூன்று வகை உண்டு. சமையலறையை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும்.

ஒன்று, திரை மட்டும் அணைவது. சமையலறை லைட்டை அணைத்தாச்சு, அடுப்பு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. வேலை எதுவும் நிற்கவில்லை.

இரண்டு, சஸ்பெண்ட் ஆவது, அதாவது தூங்குவது. அடுப்பைச் சிம்மில் வைத்த மாதிரி. நாம் செய்த வேலை எல்லாம் உள்ளே நினைவில் அப்படியே இருக்கும். ஆனா சிம்மில் வைத்தாலும் கேஸ் செலவாகும் இல்லையா? அதுபோல் தூங்கும்போதும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். பேட்டரி முழுக்கத் தீர்ந்தால் சேவ் செய்யாத வேலை போய்விடும்.

மூன்று, முழுக்க அணைந்து போவது. சிலிண்டர் வால்வையே மூடிய மாதிரி. சேவ் செய்யாத எதுவும் மிச்சம் இருக்காது.

எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இருண்டவுடன் பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் லேப்டாப் வலுக்கட்டாயமாக அணைந்துவிடும். தூங்கிக்கொண்டிருந்த வேலையும் அதோடு போகும். அதற்குப் பதில் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. மவுஸை அசையுங்கள், அல்லது விசைப்பலகையில் ஏதாவது ஒரு விசையைத் தட்டுங்கள். உடனே திரை வந்தால், திரை மட்டும்தான் அணைந்திருக்கு.

2. வரவில்லையா? பவர் பட்டனை ஒரே ஒரு தடவை, தொட்டு எடுக்கிற மாதிரி அழுத்துங்கள். அரை நிமிடம் பொறுங்கள். விட்ட இடத்திலேயே கணக்கு தெரிந்தால், அது தூங்கியிருக்கு. பல மாடல்களில் தூங்கும்போது சின்ன விளக்கு ஒன்று மெதுவாக மின்னிக்கொண்டே இருக்கும். அதையும் கவனியுங்கள்.

3. கம்பெனி பெயர் வந்து, முதலிலிருந்து தொடங்கினால் அது முழுக்க அணைந்துபோயிருக்கு. பேட்டரி அல்லது சூடு காரணமாக இருக்கலாம். இதைக் கீழே சொல்கிறோம்.

திரும்பி வந்ததும் பாஸ்வேர்டு கேட்டால் பயப்பட வேண்டாம். அது பூட்டிக்கொண்டிருக்கு, பழுதாகவில்லை. பணப்பெட்டி ஒருவரிடம், சாவி இன்னொருவரிடம் என்று வைக்கிறோமே, அதே கவனம் இதிலும் வேண்டும். பாஸ்வேர்டு ஒருவருக்கு மட்டும் தெரிந்து, அவர் ஊருக்குப் போனால் கணக்கு நின்றுவிடும். கணக்காளரும் இன்னொரு பொறுப்பாளரும் தெரிந்து வைத்திருங்கள்.

செட்டிங்கை மாற்றும் முறை

திரையின் கீழே வலது ஓரத்தில் பேட்டரி படம் இருக்கும். அதைக் கிளிக் செய்தால் 'பவர் செட்டிங்ஸ்' என்று வரும். அதைத் திறங்கள். எழுத்து இங்கிலீஷில் இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஆனா கை வைப்பது நீங்களாக இருக்கட்டும்.

உள்ளே இரண்டு பத்தி தெரியும். ஒன்று 'ஆன் ஏசி பவர்', அதாவது சார்ஜரில் கரண்ட் வரும்போது. இன்னொன்று 'ஆன் பேட்டரி பவர்', அதாவது கரண்ட் இல்லாதபோது. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஒரு பத்தியை மட்டும் மாற்றிவிட்டு, "மாத்தியும் கேட்க மாட்டேங்குது" என்கிறார்கள். கரண்ட் இருந்தால் ஒரு சட்டம், போனால் இன்னொரு சட்டம். இரண்டையும் பார்க்க வேண்டும்.

குழுக் கணக்கு வேலைக்கு நாங்கள் சொல்லும் அளவு இது:

* எவ்வளவு நேரம் தொடாவிட்டால் திரை அணைய வேண்டும்: கரண்டில் 30 நிமிடம், பேட்டரியில் 10 நிமிடம்.

* எவ்வளவு நேரம் தொடாவிட்டால் தூங்க வேண்டும், அதாவது 'சஸ்பெண்ட்': கரண்டில் 'நெவர்', அதாவது வேண்டாம். பேட்டரியில் 30 நிமிடம். பேட்டரியிலும் 'நெவர்' வைத்தால், மறந்துவிட்டுப் போகிற நாளில் பேட்டரி முழுக்கத் தீர்ந்துவிடும்.

* மூடியை மூடினால்: இரண்டு பத்தியிலும் 'சஸ்பெண்ட்'.

* பேட்டரி மிகவும் குறைந்துவிட்டால்: 'ஷட்டவுன்'. பேட்டரி தீர்ந்து பட்டென்று நிற்பதை விட, ஒழுங்காக மூடி அணைவது லேப்டாப்பில் உள்ள கோப்புகளுக்கு நல்லது. ஆனா ஷட்டவுன் ஆகும்போது நம் கணக்கைத் தானாகச் சேவ் செய்யும் என்று நம்பிவிடக் கூடாது.

இவ்வளவும் செய்து திரை மட்டும் சீக்கிரமே இருண்டால், சிஸ்டம் செட்டிங்ஸில் 'ஸ்கிரீன்சேவர்' என்ற தனி இடத்தைப் பாருங்கள். எத்தனை நிமிடத்தில் திரை மறைய வேண்டும், பூட்ட வேண்டும் என்று அங்கே தனியாக ஒரு கணக்கு ஓடும். இங்கே மாற்றி அங்கே மாற்றாமல் விட்டால், இரண்டு மாமியார் உள்ள வீடு மாதிரி ஆகிவிடும்.

தூங்கிய லேப்டாப் எழுந்திருக்கவே இல்லை என்றால்

சில பழைய மாடல்களில் இது நடக்கும். விளக்கு எரியும், விசிறி சத்தம் கேட்கும், திரை மட்டும் வராது. லேப்டாப்பின் உறுப்புகளுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் பேச்சு சரியாக ஒத்துப்போகாததுதான் பெரும்பாலும் காரணம். முதலில் 'அப்டேட் மேனேஜர்' மூலம் எல்லா அப்டேட்டையும் போட்டுப் பாருங்கள். பல சமயம் இதிலேயே சரியாகும்.

ஆகவில்லை என்றால் மூடியை மூடும் இடத்தில் 'டூ நத்திங்', அதாவது ஒன்றும் செய்யாதே, என்று மாற்றிவிடுங்கள். தொடாவிட்டால் தூங்கும் இடத்திலும் இரண்டு பத்தியிலும் 'நெவர்' வையுங்கள். பிறகு ஒரு கட்டுப்பாடு வேண்டும்: வேலை முடிந்தால் ஷட்டவுன் செய்த பிறகுதான் பைக்குள் வைக்க வேண்டும். மூடியை மட்டும் மூடிப் பையில் வைத்தால், உள்ளே ஓடிக்கொண்டே இருந்து சூடேறிக் கெட்டுப்போகும்.

செட்டிங் சரி, ஆனாலும் பட்டென்று அணையுது

அப்படியானால் பேட்டரியைப் பாருங்கள். லேப்டாப் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 தடவை முழுக்க ஏற்றி இறக்கிய பிறகு பலம் குறையத் தொடங்கும். பத்து வருடப் பழைய பேட்டரி என்றால் சொல்லவே வேண்டாம். 30 சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று அணைந்தால், அது பேட்டரி கிழடாகிவிட்டதன் அடையாளம்.

இதை நாமே அளக்கலாம். 'பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்ற செயலியைத் திறந்து பேட்டரியைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு எண் வரும். ஒன்று, புதிதாக இருந்தபோது எவ்வளவு பிடித்தது. இன்னொன்று, இப்போது முழுக்க ஏற்றினால் எவ்வளவு பிடிக்கிறது. முதலாவது 48, இரண்டாவது 12 என்றால், கால்வாசி பலம்தான் மிச்சம். குடத்தில் ஓட்டை இல்லை, குடமே சின்னதாகிவிட்டது. அப்போது செட்டிங்கை எத்தனை தடவை மாற்றினாலும் பயனில்லை, பேட்டரியைத்தான் மாற்ற வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் உடனே நிறுத்துங்கள். சார்ஜ் போடக் கூடாது, அழுத்தவும் குத்தவும் கூடாது.

கரண்ட் இருக்கும்போதே அணைந்தால் மூன்றைப் பாருங்கள். சார்ஜர் முனை லூசாக இருக்கா? சுவிட்ச் போட்டிருக்கா? அடிப்பக்கம் கொதிக்குதா? பாய், மெத்தை, மடி மேல் வைத்து வேலை செய்தால் காற்று போகும் துளை அடைபடும். சூடு எல்லை மீறினால் லேப்டாப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். பலகை மேலோ மேசை மேலோ வையுங்கள். விசிறியில் தூசு அடைந்திருந்தால் சுத்தம் செய்யக் கொடுங்கள்.

கணக்கைக் காப்பது நம் பழக்கம்

செட்டிங் எவ்வளவு சரியாக இருந்தாலும் சேவ் செய்யும் பழக்கத்துக்கு ஈடு இல்லை. ஒவ்வொரு உறுப்பினர் கணக்கு முடிந்ததும் கன்ட்ரோல் விசையையும் 'எஸ்' விசையையும் சேர்த்து அழுத்துங்கள். இருபது உறுப்பினர் என்றால் இருபது தடவை. லிப்ரே ஆபீஸில் தானாக மீட்கும் வசதியும் உண்டு. 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்', 'லோடு/சேவ்', 'ஜெனரல்' என்று போனால், எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை மீட்புத் தகவல் எடுக்க வேண்டும் என்று இருக்கும். அதை 3 நிமிடம் ஆக்குங்கள். கூட்டம் முடிந்ததும் பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து, லேப்டாப் இருக்கும் வீட்டில் வைக்காமல் வேறு வீட்டில் வையுங்கள். நோட்டுப் புத்தகத்தையும் விட்டுவிடாதீர்கள். உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டது அதில்தான் இருக்கு.

குழுவில் செய்ய வேண்டியது

அடுத்த குழுக் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். லேப்டாப்பை நடுவில் வைத்து, கணக்காளர் மட்டுமின்றி இன்னும் இரண்டு பேர் இந்தச் செட்டிங்கைத் திறந்து பார்க்கட்டும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரியில் எத்தனை நிமிடம் தாங்குது, தூங்கினால் எழுந்திருக்குதா என்று சோதியுங்கள். வைத்த அளவுகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். "இருண்டால் பட்டனைத் தொட்டு எடு, அழுத்திப் பிடிக்காதே" என்று ஒரு சீட்டு எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டுங்கள்.

இனி ஒரு நாள் லேப்டாப் இருண்டு கணக்கு காணாமல் போனால், கணக்கு எழுதும் பெண்ணைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள். பேச்சுக்குப் பயந்து ஒரு பெண் லேப்டாப்பை விட்டு எழுந்துவிட்டால், நம் கணக்கை எழுத வெளி ஆளைத்தான் தேட வேண்டியிருக்கும். நம் பணத்தின் கணக்கு நம் கையிலேயே இருக்கட்டும்.

சந்தேகம் இருந்தால் மாதாந்திரக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு லேப்டாப்பையும் சார்ஜரையும் சேர்த்து எடுத்து வாருங்கள். உட்கார்ந்து பார்ப்போம்.