செய்து பார்! திருத்து! மறுபடி செய்!



'ஏஜைல்' என்ற வார்த்தையைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2001-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 மென்பொருள் நிபுணர்கள் கூடி, தங்கள் வேலை முறைக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். விஷயம் ரொம்ப எளிது. வருடக்கணக்கில் திட்டம் போட்டுவிட்டுக் கடைசியில் சோதிக்காமல், கொஞ்சம் செய், சோதித்துப் பார், திருத்து, மறுபடி செய். அவ்வளவுதான்!

கம்ப்யூட்டர் புரோகிராம்னா அழித்து எழுதிடலாம். ராக்கெட்டுக்கு இது சரிப்படுமா? ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் பசிபிக் கடலில் ஓமலெக் என்ற குட்டித் தீவிலிருந்து ஏவிய 'ஃபால்கன் 1' கதையைப் பாருங்கள்.

1) மார்ச் 2006: உப்புக் காற்றில் ஒரு அலுமினிய நட்டு அரித்துப்போய், எரிபொருள் கசிந்து தீப்பிடித்தது. ஒரு நிமிடத்துக்குள் என்ஜின் நின்றது.

2) மார்ச் 2007: மேல் அடுக்கின் தொட்டியில் திரவ ஆக்சிஜன் தளும்பி ராக்கெட்டையே ஆட்டிவிட்டது. நிறைகுடம் தளும்பாது என்பார்கள். ஆனால் பறக்கும் ராக்கெட்டின் தொட்டி குறைகுடமாகிக்கொண்டே போகுமே! பிறகு உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்தார்கள்.

3) ஆகஸ்ட் 2008: கழன்ற கீழ் அடுக்கு, மேல் அடுக்கின் மீதே மோதியது!

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம். புது என்ஜினை நிறுத்திய பிறகும் அதில் கொஞ்சம் உந்துவிசை மிச்சம் இருந்தது. தரையில் சோதித்தபோது அந்த அழுத்தம் காற்றழுத்தத்தைவிடக் குறைவு. அதனால் யாருக்கும் தெரியவில்லை. மேலே காற்றே இல்லையே, அங்கே அது தள்ளிவிட்டது. பாகங்கள் தனித்தனியாக நல்லாத்தான் இருந்தன, சேர்ந்தபோதுதான் சிக்கல். பல பாகங்களைச் சேர்த்து ஒன்றாக இயங்கவைப்பதைத்தான் 'சிஸ்டம்ஸ் என்ஜினீயரிங்' என்கிறார்கள்.

திருத்தம் என்ன தெரியுமா? என்ஜின் நின்றதும் சில விநாடிகள் கூடுதலாகக் காத்திருந்து அடுக்கைக் கழற்றுவது! எட்டே வாரத்தில், 2008 செப்டம்பர் 28-ல், நாலாவது ராக்கெட் பூமியைச் சுற்றும் பாதையை அடைந்தது. தனியார் உருவாக்கிய திரவ எரிபொருள் ராக்கெட்டில் இதுவே முதல் வெற்றி.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. முதல் ராக்கெட்டில் போனது அமெரிக்க விமானப்படை அகாடமி மாணவர்கள் செய்த செயற்கைக்கோள். மூன்றாவதிலும் செயற்கைக்கோள்கள் போயின. அவர்கள் உழைப்பு வீணானதே! நாலாவதில் வெறும் எடையை மட்டும்தான் ஏற்றினார்கள். அதுதான் சரி என்பேன். ஆள் ஏறும் வண்டியோ பாலமோ என்றால், 'விழுந்தால் திருத்திக்கலாம்' என்ற பேச்சே கூடாது. சோதனையை ஆள் இல்லாமல் முடித்துவிட வேண்டும்.

நண்பர்களே, அறிவியல் கண்காட்சிக்கு மாடல் செய்யும்போது மோட்டார், பேட்டரி, சக்கரத்தைத் தனித்தனியாகப் பார்த்து விட்டுவிடாதீர்கள். பெயின்ட் அடிக்கும் முன்பே மொத்தமாகச் சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தப்பு சீக்கிரம் தெரிந்தால் திருத்த நேரம் இருக்கும்!