விக்கி மென்பொருளும் பொதுத் தொடரியலும்

மாணவர்களே, நால்வர் சேர்ந்து ஒப்படை ஒன்றைக் கணினியில் தயாரிக்கும்போது, ஒருவர் திருத்திய கோப்பின் மேல் இன்னொருவர் தமது பழைய பிரதியைச் சேமித்துவிட்டால் முதலாமவரின் உழைப்பு முழுவதும் வீணாகும். இச்சிக்கலைத் தீர்க்கும் வழிகளுள் ஒன்றே விக்கி.

1. விக்கி என்றால் என்ன?

பலர் சேர்ந்து உலாவியிலேயே பக்கங்களை எழுதவும் திருத்தவும் இடமளிக்கும் மென்பொருள் விக்கி எனப்படும். முதலாவது விக்கியை 1995 இல் அமெரிக்கரான வார்ட் கன்னிங்காம் வெளியிட்டார். 'விக்கி' என்பது 'விரைவு' எனப் பொருள்படும் ஹவாய் மொழிச் சொல்லாகும். விக்கிப்பீடியா 2001 இலும் தமிழ் விக்கிப்பீடியா 2003 இலும் தொடங்கின. தமிழ் விக்கிப்பீடியாவுக்குத் தொடக்கத்தில் பெரும்பங்காற்றிய இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவர்.

2005 இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்து வைக்கிறது. அதுவும் விக்கிப்பீடியாவைப் போன்று மீடியாவிக்கி மென்பொருளையே பயன்படுத்துகிறது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்து போனதை எண்ணிப் பார்த்தால் இம்முயற்சியின் பெறுமதி விளங்கும்.

2. பதிப்புக் கட்டுப்பாடு

விக்கியில் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் பழைய பதிப்பு அழியாமல், புதிய பதிப்பு தனியாகப் பதிவாகும். இதன் பயன்கள்:

(அ) யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை 'வரலாறு' பகுதியில் காணலாம்.
(ஆ) இரு பதிப்புகளை ஒப்பிடலாம்.
(இ) பிழையான திருத்தத்தை நீக்கி முந்தைய பதிப்பை மீட்கலாம்.
(ஈ) இருவர் ஒரே பகுதியை ஒரே வேளையில் திருத்தினால், பிந்திச் சேமிப்பவருக்கு 'தொகுத்தல் முரண்பாடு' எனும் அறிவித்தல் காட்டப்படும்.

3. பொதுத் தொடரியல் ஏன் தேவை?

தலைப்பு, இணைப்பு, தடித்த எழுத்து ஆகியவற்றைக் காட்ட இடும் குறிகளின் ஒழுங்கே தொடரியல். முதலாவது விக்கியில், பெரிய எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்து எழுதினால் இணைப்பு உண்டாகும். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லை; எனவே அம்முறை தமிழுக்குப் பொருந்தாது. பின்னர் வந்த [[யாழ்ப்பாணம்]] என்ற இரட்டைச் சதுர அடைப்பு எம்மொழிக்கும் பொருந்தியது.

ஆயினும் மென்பொருளுக்கு மென்பொருள் குறிகள் வேறுபடுகின்றன.

தடித்த எழுத்து: மீடியாவிக்கியில் '''சொல்'''; டொக்குவிக்கியில் **சொல்**.
தலைப்பு: '=' குறி கூடக்கூட மீடியாவிக்கியில் தலைப்புச் சிறிதாகும்; டொக்குவிக்கியில் பெரிதாகும்.

ஆகவே ஒன்றில் எழுதிய பக்கத்தை மற்றொன்றில் அப்படியே ஒட்டினால் அமைப்புக் குழம்பும். பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளாகத் தெரிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அக்குறையை யுனிகோட் என்ற பொது நியமம் தீர்த்தது. அதுபோல விக்கிகளுக்கென 'கிரியோல் 1.0' எனும் பொதுத் தொடரியல் 2007 இல் வெளியிடப்பட்டது. எனினும் மீடியாவிக்கி தனது தொடரியலையே தொடர்ந்து பயன்படுத்துகிறது.

நினைவிற் கொள்க: பதிப்புக் கட்டுப்பாடு எழுதியதை இழக்காமல் காக்கும், பொதுத் தொடரியல் எழுதியதை வேறிடத்திற்குக் கொண்டு செல்ல உதவும்.

பயிற்சி வினா: விக்கிப் பக்கம் ஒன்றிலுள்ள அனைத்தையும் ஒருவர் நீக்கிச் சேமித்துவிட்டார். அதனை எவ்வாறு மீட்கலாம்? (குறிப்பு: 2 (அ), (இ) ஐப் பார்க்க.)