மீண்டும் லாங்டாங் நோக்கி

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. மலை ஏறுவோர்க்கென்றே சொல்லி வைத்தாற்போன்ற மொழி இது. நேபாள நாட்டு மலை வழிகாட்டிகளும் மூச்சுக்கு மூச்சு ‘பிஸ்தாரி, பிஸ்தாரி’ என்பார்கள். ‘மெல்ல, மெல்ல’ என்பது அதன் பொருள். எங்கள் பள்ளி மலைநடைக் குழுவினர் வரும் கோடை விடுமுறையில் இரண்டாம் முறையாக நேபாளம் செல்லத் திட்டமிட்டுள்ளோம். ஒரு முறை போய் வந்த இடத்திற்கு மறுமுறை போக இத்தனை திட்டம் எதற்கு என்று தோழியர் பலர் கேட்கின்றனர். அவர்களுக்கு விடையாகவே இக்கட்டுரையை வரைகின்றோம்.

எங்கே போவது?

உலகில் 8,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த சிகரங்கள் பதினான்கு. அவற்றுள் எட்டு, நேபாளத்திலோ அதன் எல்லையிலோ அமைந்துள்ளன. எனவே முதல் கூட்டத்திலேயே சிலர், “இம்முறை எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போவோம்” என்றனர். ஆசை இயல்பானதே. எவரெஸ்ட் சிகரத்தை 1975-இல் ஜப்பானின் ஜுன்கோ தாபெய் அம்மையார் அடைந்தார். அங்கு கால் வைத்த முதல் பெண்மணி அவரே. 1984-இல் நம் நாட்டின் பச்சேந்திரி பால் அச்சிகரத்தை எட்டிய முதல் இந்தியப் பெண்மணி ஆனார். பெண்கள் பள்ளியில் பயிலும் எங்களுக்கு அம்மலையின் பெயரைக் கேட்டாலே உள்ளம் துள்ளுகிறது.

ஆயினும் நாங்கள் தேர்ந்தெடுத்தது, முன்பு சென்ற அதே லாங்டாங் பள்ளத்தாக்கையே. சென்ற முறை பத்துப் பேர் புறப்பட்டோம். லாங்டாங் சிற்றூரை அடைந்த இரவில் மாணவியர் இருவருக்குக் கடுமையான தலைவலியும் வாந்தியும் கண்டன. மறுநாள் காலை ஓர் ஆசிரியை அவர்களைக் கீழே அழைத்துச் சென்றார். இறங்க இறங்க இருவரும் தேறிவிட்டனர். ஆனால் பதின்மரில் எழுவர் மட்டுமே பயணத்தின் முடிவிடமான கியான்ஜின் கோம்பாவைக் கண்டோம். அன்று முதல் அவ்விருவரும், “எங்களுக்கு மலை ஒத்துக்கொள்ளாது, நீங்கள் போய் வாருங்கள்” என்றே சொல்லி வருகின்றனர். அது மெய்தானா? இக்கேள்வியிலிருந்துதான் எங்கள் திட்டம் தொடங்கியது.

உயரம் செய்யும் வேலை

மலை மேலுள்ள காற்றிலும் ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயுதான். ஆனால் மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. கியான்ஜின் கோம்பாவின் உயரம் ஏறத்தாழ 3,870 மீட்டர். அங்கு இழுக்கும் ஒரு மூச்சில், கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவான பிராணவாயுவே கிடைக்கும். உடல் இதற்கு மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளும். மூச்சை விரைவாக்கும், பிறகு இரத்தத்தின் சிவப்பணுக்களைப் பெருக்கும். இதற்குச் சில நாள்கள் வேண்டும். அவகாசம் தராமல் ஏறினால் தலைவலி, குமட்டல், உறக்கமின்மை ஆகியவை தோன்றும்.

இந்நோய்க்கு வலியவர், மெலியவர் என்ற வேறுபாடு இல்லை. ஓட்டப் பந்தயத்தில் முதலில் வருபவள் படுத்துவிடலாம். பாட்டி ஒருவர் சுகமாக நடக்கலாம். ஒரு முறை நோய் கண்டவர்கள் அதே வேகத்தில் ஏறினால் மறுபடியும் நோய் காண வாய்ப்பு மிகுதி. வேகத்தைக் குறைத்தால் அந்த வாய்ப்பும் குறையும். ஆகவே மலை அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. நடையின் வேகத்தை மாற்றிப் பார்க்க இடமிருக்கிறது.

நாள் கணக்கு

3,000 மீட்டருக்கு மேல், ஓர் இரவு உறங்கும் இடத்திற்கும் மறு இரவு உறங்கும் இடத்திற்கும் 500 மீட்டருக்கு மேல் உயர வேறுபாடு கூடாது என்பர் மருத்துவர். மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் தங்கவும் வேண்டும். வழக்கமான அட்டவணைப்படி 2,400 மீட்டரிலுள்ள லாமா ஹோட்டல் என்னும் இடத்திலிருந்து 3,400 மீட்டரிலுள்ள லாங்டாங் சிற்றூருக்கு ஒரே நாளில் ஏறிவிடுவார்கள். ஒரு பகலில் ஆயிரம் மீட்டர்! இந்த நாளைத்தான் இரண்டாகப் பிரித்திருக்கிறோம்.

முதல் நாள் காத்மாண்டுவிலிருந்து பேருந்தில் ஸ்யாப்ருபேசி. இரண்டாம் நாள் லாமா ஹோட்டல். மூன்றாம் நாள், ஏறத்தாழ 3,000 மீட்டரிலுள்ள கோடாதபேலாவிலேயே நின்றுவிடுவோம். குதிரை லாயம் என்று பொருள்படும் இவ்விடத்தை முன்பு தேநீர் அருந்திவிட்டுக் கடந்தோம். நான்காம் நாள் லாங்டாங். ஐந்தாம் நாளும் அங்கேயே. ஆறாம் நாள் கியான்ஜின் கோம்பா. அங்கே இரு நாள் தங்கி, பகலில் சற்று மேலே நடந்துவிட்டு இரவில் கீழே வந்து உறங்குவோம். ஒரு நாள் உபரி. பின்பு இரு நாளில் ஸ்யாப்ருபேசிக்கு இறக்கம்.

விதிகள் மூன்று வகுத்துள்ளோம். தலைவலி வந்தவர் அது தீரும்வரை மேலே ஏறக்கூடாது. நோய் மிகுந்தாலோ, நடை தள்ளாடினாலோ, சும்மா இருக்கையிலேயே மூச்சுத் திணறினாலோ, நள்ளிரவானாலும் துணையுடன் உடனே இறங்க வேண்டும். மூன்றாவது விதிதான் முக்கியமானது. மற்றவர்களின் பயணம் தம்மால் கெடக்கூடாதென்று பெண்கள் தலைவலியை மறைப்பது உண்டு. பேராபத்து அதில்தான் இருக்கிறது. எனவே தினமும் மாலையில் ஆசிரியை ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து உடல்நிலையைக் கேட்பார். உண்மையைச் சொல்வது குழுவுக்குச் செய்யும் உதவி என்று கொள்வோம்.

பருவமும் தாள்களும்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். பாதைகள் சரியும், அட்டைகள் மொய்க்கும். அக்டோபரில் வானம் தெளிவாக இருக்கும். ஆனால் எங்கள் விடுமுறை அப்போது பத்தே நாள். ஆதலால் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் ஏப்ரல் இறுதியில் புறப்படுகிறோம். பிற்பகலில் மேகம் கவியக்கூடும்; காலையில் விரைந்து நடந்தால் போதும். நேபாளத்தின் தேசிய மலரான லாலிகுராஸ், உயர்ந்த காடுகளில் அப்போதும் பூத்திருக்கும்.

இந்தியர்க்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை. விமானத்தில் செல்வோர் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ வைத்திருக்க வேண்டும். 15 முதல் 18 வயது வரையுள்ள மாணவியர்க்குப் பள்ளித் தலைமையாசிரியை உரிய படிவத்தில் தரும் அடையாளச் சான்றிதழே போதும். 2023 ஏப்ரல் முதல், வெளிநாட்டு மலைநடைப் பயணிகள் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் செல்ல வேண்டும் என்று நேபாள அரசு விதி செய்துள்ளது. தேசியப் பூங்கா நுழைவுச் சீட்டும், உயரத்திலிருந்து மீட்கும் செலவை ஏற்கும் காப்புறுதியும் அவசியம். மலையில் வங்கி கிடையாது; பணத்தைக் காத்மாண்டுவிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். நம் நூறு ரூபாய்க்கு அந்நாட்டு நாணயத்தில் 160 ரூபாய்.

பிறர் முதுகில் நம் சுமை

நம் மூட்டையைச் சுமந்து வருபவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். அவருக்கும் தலை வலிக்கும், கால் விறைக்கும். இருவருடைய பொருளை ஒருவர் சுமப்பது அங்கு வழக்கம். ஒருவருக்கு 8 கிலோவுக்கு மேல் கொண்டுவரலாகாது என்று முடிவு செய்து, பள்ளியிலேயே தராசில் நிறுத்துப் பார்க்கப் போகிறோம். சுமப்பவர்க்கும் காப்புறுதி, நல்ல காலணி, கம்பளி ஆகியன உண்டா என்று முன்பணம் தருமுன்பே கேட்டறிவோம்.

அவ்வூர் மக்களை நினைத்தும் நாங்கள் மறுபடி செல்கிறோம். 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேரைப் பலிகொண்ட நிலநடுக்கத்தின்போது, பனியும் பாறையும் சரிந்து பழைய லாங்டாங் சிற்றூர் முழுவதையும் மூடிவிட்டன. எஞ்சியோர் அருகிலேயே புதிய ஊரைக் கட்டினர். வழிப்போக்கர் உண்ணும் பருப்புச் சோறும் தங்கும் அறையுமே அவர்களில் பலருக்கு வருவாய். அவசரமாக ஓரிரவு தங்கிச் சென்ற ஊரில் இம்முறை இரண்டு இரவுகள் தங்குவோம். உடலுக்கும் அது நன்று, ஊராருக்கும் நன்று.

தங்கையரே, சிகரத்தின் உயரத்தைக் கொண்டு பயணத்தை அளப்பவர் உண்டு. கூட வந்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தார்களா என்பதைக் கொண்டு அளக்க நாங்கள் முடிவு செய்துள்ளோம். இத்திட்டத்தை எழுதிக் காட்டிய பின், மலை ஒத்துக்கொள்ளாது என்ற இருவரும் பெயர்ப்பட்டியலில் கையெழுத்திட்டுவிட்டனர். இனி மாலைதோறும் விளையாட்டுத் திடலைச் சுற்றி நடைப்பயிற்சி. மெல்ல, மெல்ல!