உங்களுக்குத் தெரியுமா? ‘நானே பண்றேன்!’

காலை எட்டு மணிக்கு அஸ்தினாபுரத்தில் ராஜேந்திர பிரசாத் சாலைப் பக்கம் நின்று பாருங்கள். எல்.கே.ஜி. பிள்ளையின் பை அப்பா தோளில், தண்ணீர் பாட்டில் அம்மா கையில். கடைசி இட்லித் துண்டு வேன் படி வரைக்கும் ஊட்டப்படுகிறது. பிள்ளையோ, “நானே, நானே” என்று கத்திக்கொண்டிருக்கிறது. இந்த வாரத் துணுக்குகள் அந்த ‘நானே’வுக்கு.

★ பிள்ளை தன் வேலையைத் தானே செய்யட்டும் என்று உலகத்துக்கே பாடம் எடுத்த இத்தாலிய டாக்டர் மரியா மாண்டிசோரி, நம் அடையாற்றில் வாழ்ந்தவர். 1939-இல் பிரம்மஞான சபை அழைத்ததால் மகன் மரியோவுடன் வந்து, அங்கே ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 பேருக்குப் பயிற்சி கொடுத்தார். 1940-இல் இத்தாலி போரில் குதித்ததும், எதிரி நாட்டவர் என்று மகனைப் பிரிட்டிஷ் அரசு காவலில் வைத்தது. அம்மாவின் 70-ஆவது பிறந்த நாளான ஆகஸ்ட் 31 அன்று, பரிசு போல மகனை விடுவித்தார்கள். சில மாதங்களில் திரும்ப நினைத்தவர், நடுவில் கொடைக்கானலிலும் தங்கிவிட்டு 1946-இல்தான் ஐரோப்பா போனார்.

★ மாண்டிசோரி வகுப்பில் ஒரு மரச் சட்டம் இருக்கும். அதில் இரண்டு துணிகள், நடுவே பெரிய பட்டன்கள். பிள்ளை உட்கார்ந்து அவிழ்க்கும், மாட்டும், மறுபடி அவிழ்க்கும். உடம்பில் போட்ட சட்டையில் பழகினால் மோவாயைக் கீழே அழுத்திக் குனிந்து பார்க்க வேண்டும், வேன் ஹாரன் வேறு. சட்டத்தில் அந்த அவசரம் இல்லை, பட்டன் கண் முன்னால் இருக்கிறது. ஒரு பட்டன் தப்பினால் கடைசியில் ஒன்று மிஞ்சும். டீச்சர் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைக்கே தெரிந்துவிடும். இதற்குக் கடைக்குப் போக வேண்டாம். அப்பாவின் பழைய சட்டையைத் தலையணைக்குப் போட்டுவிட்டால் போதும்.

★ தண்ணீர் ஊற்றப் பழக்குவதற்கு முன், பச்சைப் பயறு. ஒரு சின்னச் செம்பிலிருந்து இன்னொன்றுக்கு. சிந்தினால் பொறுக்கலாம், பொறுக்குவதும் விரல்களுக்கு வேலைதான். (மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது என்றால் பக்கத்திலேயே இருங்கள்.)

★ 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது முதலில் மாறியது உயரம். அப்போதைய ஆணையர் எம்.பி. விஜயகுமார் முன்னின்று நடத்திய திட்டம் அது. சுவரின் அடிப்பகுதியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தே எழுதும்படி கரும்பலகை வந்தது. பாட அட்டைகளைப் பிள்ளைகளே எடுத்து, ஏணிப்படி அட்டவணையில் தாம் நிற்கும் படியைத் தாமே பார்த்துக்கொண்டார்கள். வருகையையும் தாங்களே பதிந்தார்கள். பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. அதில் குறைகளும் சொல்லப்பட்டன. ஆனால் அந்தத் தாழ்ந்த கரும்பலகைக்கு ஈடாக லட்சம் ரூபாய் கட்டணம் வாங்கும் இடங்களிலும் நான் ஒன்றைப் பார்த்ததில்லை.

★ “பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாசத்திலேயே நடந்துச்சே!” இருக்கட்டும். பிடிமானம் இல்லாமல் தனியாக நடக்கத் தொடங்க, 8 மாதத்திலிருந்து ஏறக்குறைய 18 மாதம் வரை இயல்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்துச் சொன்ன கணக்கு இது. அதைத் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

★ உட்கார வைத்துச் சுற்றவிடும் வாக்கரை விற்பது கனடாவில் 2004 முதல் தடை. படிக்கட்டில் உருண்டு அடிபட்ட குழந்தைகள்தான் காரணம். வாக்கர் நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதும் இல்லை. நம் மர நடைவண்டியில் குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது. அதற்கும் சமதரையும் பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும். மொட்டை மாடிப் படி அருகே எந்த வண்டியும் வேண்டாம். பிள்ளைகள் வண்டி உருட்டுவது நமக்குப் புதிதல்ல, மூன்று சக்கரச் சிறுதேரைச் சங்க இலக்கியமான பட்டினப்பாலையே சொல்கிறது!

★ போடுவதைவிடக் கழற்றுவது எளிது. அதனால் சாக்ஸை முதலில் கழற்றக் கற்றுக்கொடுங்கள்.

★ ஜப்பானில் 1991 முதல் ஒரு டி.வி. நிகழ்ச்சி ஓடுகிறது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் முதன்முதலாகத் தனியே கடைக்குப் போவார்கள், கேமராக்காரர்கள் மறைந்து பின்தொடர்வார்கள். தண்ணீர் லாரி ஓடும் நம் தெருவில் இதைச் செய்து பார்க்காதீர்கள். மாடி வீட்டுப் பாட்டிக்குக் கறிவேப்பிலை கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். படி ஏறி இறங்கும்வரை நீங்கள் கதவோரம் நில்லுங்கள்.

★ பால்வாடியில் வரிசையாக உட்கார்ந்து தன் கையால் சாப்பிடும் அதே பிள்ளை, வீட்டில் யூடியூப் ஓடினால்தான் வாய் திறக்கிறது. பிள்ளை மாறவில்லை, ஊட்டும் கை மாறியது.

★ எல்லாவற்றையும் விட்டுவிடக் கூடாது. ஏழெட்டு வயது வரை பல் தேய்ப்பதைப் பெரியவர் ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: பிள்ளையின் தோள் உயரத்தில் சுவரில் ஒரு கொக்கி மாட்டி, ஸ்கூல் பையையும் துண்டையும் அதில் தொங்கவிடுங்கள். திங்கட்கிழமை பத்து நிமிடம் முன்னதாக எழுப்பிவிட்டு, நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.