மணலும் புளியங்கொட்டையும்

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் முன்னோர் மொழி. வீட்டில் சிறு பிள்ளை எழுத மறுக்கும்போதெல்லாம் இப்பழமொழியைப் பிரம்பைப் போலக் கையில் எடுப்பவர் பலர். என் தம்பி விஷயத்திலும் அவ்வாறே நடந்தது. ஐந்து வயதிற்குள் ஒரு குழந்தையின் கையும் அறிவும் எவ்வாறு வளர்கின்றன, அதற்குப் பெற்றோரும் ஆசிரியைகளும் எவற்றைத் துணைக்கொள்ளலாம் என்பதை நான் கண்டும் கேட்டும் அறிந்த அளவில் எழுதுகிறேன்.

தம்பிக்கு 4 வயது. எல்.கே.ஜி. படிக்கிறான். நாள்தோறும் 1 முதல் 50 வரை இருமுறை எழுதிச் செல்லவேண்டும். இருபதைத் தாண்டுமுன் பென்சிலைப் போட்டுவிட்டு, "என் கை கெட்டுப் போச்சு" என்று அழுவான். செப்டம்பர் மாதத்தில் புத்தகப் பையைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளியத் தொடங்கினான். அம்மா பயந்து போனார். இவனுக்கு ஏதேனும் குறை இருக்குமோ, டாக்டரிடம் காட்டலாமா என்று இரவில் அப்பாவிடம் மெல்லக் கேட்டது என் காதில் விழுந்தது.

காலாண்டு விடுமுறைக்குச் செங்கற்பட்டிலிருந்து சித்தி வீட்டிற்குச் சென்றோம். சித்தி மாமல்லபுரத்திற்கு அருகே ஒரு மீனவர் குப்பத்தில் அங்கன்வாடிப் பணியாளர். "சாப்பாடு போடுகிற இடம்தானே" என்று நாங்கள் அலட்சியமாக நினைத்திருந்த அந்த ஒற்றை அறைக்குத் தம்பியையும் அழைத்துச் சென்றார்.

அங்கே பிள்ளைகள் சிப்பி, சங்கு, சோழி ஆகியவற்றை இனம் பிரித்துக் கொட்டாங்கச்சிகளில் போட்டுக்கொண்டிருந்தனர். சிலர் ஓட்டையிட்ட சிப்பிகளை நூலில் கோத்தனர். சித்தி தம்பியிடம், "எனக்கு ஏழு சிப்பி கொடு, கண்ணு" என்றார். ஐம்பது வரை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் அவன், கை நிறைய அள்ளிக் கொடுத்தான்! அருகிலிருந்த மீனவச் சிறுமி ஒருத்தி, எழுதவே தெரியாதவள், ஏழை எண்ணி வைத்தாள். அம்மா அப்போது ஒன்றும் பேசவில்லை.

அன்று மாலை சித்தி, "அக்கா, இவனுக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே எந்தப் பிள்ளை கையிலும் எடுத்தவுடனே துடுப்பைக் குடுக்க மாட்டாங்க. முதல்லே கரையிலே வலைச் சிக்கு எடுக்க விடுவாங்க" என்றார்.

இதற்கு உயிரியல் காரணமும் உண்டு. நம் மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உள்ளன. பிறந்த குழந்தைக்கு அவை குருத்தெலும்பாகவே இருக்கும். பிறகு ஒவ்வொன்றாக எலும்பாகி, எட்டும் எலும்பாக ஏறத்தாழ 12 வயது ஆகிவிடும். விரல்களின் சிறு தசைகளும் மெல்ல மெல்லவே வலுப்பெறும். கோப்பது, பிசைவது, கிள்ளுவது, பொறுக்குவது ஆகியவையே பென்சிலுக்கு முன்னோடி வேலைகள்.

கடற்கரையில் பிள்ளைகள் ஈர மணலில் விரலால் 'அ' எழுதியதைக் கண்டு, வசதியில்லாத ஊர் என்பதால் இவ்வாறு செய்கிறார்கள் என்று எண்ணினேன். என் எண்ணம் தவறு என்பதை விடுமுறை முடிந்து வந்ததும் எங்கள் வரலாற்று ஆசிரியை விளக்கினார். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் மாணவர்கள் மணலில் எழுதுவதைக் கண்டு தம் பள்ளியிலும் அதைப் புகுத்தினார். 1797இல் லண்டனில் அதைப்பற்றி நூலும் வெளியிட்டார். நம் மணல் இங்கிலாந்துப் பள்ளிகள் வரை சென்றது. நாம் அதை மறந்துவிட்டு நான்கு வயதில் பென்சிலைத் திணிக்கிறோம்!

1907இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவச் செய்து கற்பித்தார். 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் அவர் குழந்தைகளோடு பணி செய்தார்.

ஆனால் மாண்டிசோரி சாதனங்கள் விலை மிகுந்தவை. ஏழைப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? இதற்கு வழி கண்டவர் தாராபாய் மோதக். 1945இல் மகாராஷ்டிரக் கடற்கரைக் கிராமமான போர்டியில் அவரும் அனுதாய் வாக்கும் பள்ளி தொடங்கி, உள்ளூரில் கிடைத்த எளிய பொருள்களைக் கொண்டே கற்பித்தனர். பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது பள்ளியே அவர்கள் வீட்டு முற்றத்திற்குச் சென்றது. 'அங்கன்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்ற பெயர் வந்த கதை இதுதான். 1975 அக்டோபர் 2ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது அப்பெயரே நாடெங்கும் பரவியது. ஊட்டச்சத்து, தடுப்பூசி, மருத்துவச் சோதனை ஆகியவற்றோடு முன்பருவக் கல்வியும் அதன் பணியாகும். தமிழ்நாட்டில் இன்று 54,000க்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. சித்தியிடம் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் இருக்கிறது. ஆனால் சமையல், எடை பார்த்தல், பதிவேடு என்று வேலை குவிந்த நாளில் ஆட்டமும் பாட்டமும் குறைந்துவிடும் என்று அவரே வருத்தத்துடன் ஒப்புக்கொண்டார்.

வீட்டில் தாய்மார் செய்யக்கூடியவை பல. பல்லாங்குழியில் 14 குழிகள், குழிக்கு ஐந்தாகப் புளியங்கொட்டை. இதைவிடச் சிறந்த கணக்குப் புத்தகம் 5 வயதுப் பிள்ளைக்குக் கிடையாது என்பேன். சப்பாத்தி மாவு, பனையோலைக் காற்றாடி, நுங்கு வண்டி எல்லாம் காசில்லாத சாதனங்களே. (3 வயதுக்குட்பட்ட குழந்தை புளியங்கொட்டையை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். அதற்குப் பெரிய சிப்பியே நல்லது. பெரியவர் ஒருவர் அருகில் இருக்கவேண்டும்.) கதைப் புத்தகம் வாங்க இயலாதவர் 'ஸ்டோரிவீவர்' என்னும் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படித்துக் காட்டலாம். ஆனால் கைப்பேசியைப் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு எழுந்து போகக்கூடாது. 2 முதல் 4 வயதுவரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்திற்கு மேல் திரை பார்க்கலாகாது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது.

மாமல்லபுரத்துப் பாறைகளே பெரிய படப் புத்தகம் அல்லவா! அர்ச்சுனன் தபசில் பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையையும் அதை வணங்கும் எலிகளையும் தம்பிக்குக் காட்டினோம். "பூனை ஏன் எலியைப் பிடிக்கலை?" என்று அவன் கேட்டான். அம்மா ஒரு கதை சொன்னார். மறுநாள் அவன் அதை மாற்றி எனக்குச் சொன்னான். அவனுடைய கதையில் எலி தப்பித்துப் படகில் ஏறிவிட்டது.

ஊர் திரும்பியதும் அம்மா பள்ளிக்குச் சென்று பேசினார். ஐம்பது இருபதாகக் குறைந்தது. இருமுறை என்பது மட்டும் மாறவில்லை. தம்பி இப்போது ஏழு கேட்டால் ஏழு தருகிறான். 3ஐ இன்னும் திருப்பிப் போட்டுத்தான் எழுதுகிறான். எழுத உட்காருமுன் புளியங்கொட்டை டப்பாவைத் தானே எடுத்து வந்து அம்மாவின் முன் கொட்டுகிறான்.