வீடு வரும் பின்னே... ரோட்டு பில் வரும் முன்னே!

பேரனை வளர்க்க ஒரு சின்ன வீடு போதும் என்று நினைத்தார் ஜார்ஜ் ஷீட்ஸ். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், எல் டொராடோ கவுன்டியில் அவருக்குச் சொந்த மனை இருந்தது. தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து இறக்குகிற ரெடிமேட் வீடுதான். ஆனால், அனுமதி கேட்டுப் போனவரிடம் நிர்வாகம் ஒரு பில்லை நீட்டியது. 23,420 டாலர்! 2016-ம் ஆண்டு மதிப்பில் சுமார் 15 லட்சம் ரூபாய்.

எதற்கு? ரோட்டுக்கு!

புது வீடு வந்தால் கார் வரும், நெரிசல் கூடும், சாலையை அகலப்படுத்த வேண்டும். அந்தச் செலவில் உங்கள் பங்கைக் கொடுங்கள் என்பதுதான் கணக்கு. 'இம்பாக்ட் ஃபீ' என்று அதற்குப் பெயர். சாலைக்கு மட்டுமல்ல, குடிநீர், சாக்கடை, பள்ளி, பூங்கா என எல்லாவற்றுக்கும் அமெரிக்க ஊர்களில் இப்படி வசூலிக்கிறார்கள்.

கலிபோர்னியாவில் இது பெருகியதற்கு ஒரு பின்கதை உண்டு. 1978-ல் அங்கே மக்கள் ஓட்டுப் போட்டு, சொத்து வரியை மதிப்பில் 1 சதவிகிதத்துக்கு மேல் போகாமல் கட்டிப்போட்டார்கள். பழைய குடும்பங்களுக்கு நிம்மதி. உள்ளாட்சிகளுக்கோ கஜானாவில் துண்டு விழுந்தது. கை புதிதாகக் குடிவருபவர்களின் பாக்கெட் பக்கம் நீண்டது. அவர்களுக்குத்தான் அந்த ஊரில் இன்னும் ஓட்டுகூட இல்லையே!

நமக்கும் இது புதிதல்ல. தமிழ்நாட்டிலும் பெரிய கட்டடங்களுக்கு 'உட்கட்டமைப்பு மற்றும் அடிப்படை வசதிக் கட்டணம்' உண்டு. கட்டுவது பில்டர் என்றாலும், அது கடைசியில் சதுர அடி விலையில்தான் வந்து உட்காரும்.

ஷீட்ஸ் விஷயத்துக்கு வருவோம். ஆட்சேபத்துடன் பணத்தைக் கட்டிவிட்டு, கோர்ட்டுக்குப் போனார். 'என் ஒரு வீட்டால் சாலைக்கு எவ்வளவு பாதிப்பு என்று யாராவது கணக்குப் பார்த்தார்களா?' என்பதே அவர் வாதம். உண்மையில் பார்க்கவில்லை. கட்டடத்தின் வகை, இருக்கும் பகுதி இரண்டையும் வைத்துப் போட்ட அட்டவணையிலிருந்து எடுத்த தொகை அது.

அதிகாரிகள் ஒருவரிடம் தனியாகக் கேட்கும்போது, கேட்பதற்கும் பாதிப்புக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-லேயே சொல்லியிருந்தது. எல்லோருக்கும் பொதுவாகச் சட்டம் போட்டு வசூலித்தால் அந்த விதி பொருந்தாது என்று கைவிரித்தன கலிபோர்னியா நீதிமன்றங்கள்.

2024 ஏப்ரல் 12. உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமித்து, சட்டம் போட்டு வசூலித்தாலும் அந்தச் சோதனையிலிருந்து தப்ப முடியாது என்றார்கள். ஆனால், 23,420 டாலர் நியாயமா, அட்டவணை போட்டு வசூலிப்பது சரியா என்பதை அவர்கள் தொடவில்லை. அந்தக் கணக்கை மறுபடி கலிபோர்னியாவுக்கே அனுப்பிவைத்தார்கள்.