அமைதிப்படை தரும் பாடம்: அந்நிய ராணுவத் தலையீட்டின் விலையைக் கொடுப்பது யார்?

ஈராக் மீது அமெரிக்கா படையெடுத்தபோது நாம் கண்டித்தோம். ஆப்கானிஸ்தானில் 20 ஆண்டுகள் நீடித்த போரையும் கண்டித்தோம். அந்தக் கண்டனங்கள் நியாயமானவை. ஆனால் ஒரு நாட்டுக்குள் வேறொரு நாட்டின் படை நுழைந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள நாம் பாக்தாத் வரை போக வேண்டியதில்லை. ரெட்டியார்சத்திரத்தில் பஸ் ஏறி, திண்டுக்கல்லில் மாறி, தோட்டனூத்தில் இறங்கினால் போதும்.

தோட்டனூத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அங்கே 321 புதிய வீடுகளைத் திறந்து வைத்தார். இத்தகைய முகாம்களில் இருப்பவர்கள் இலங்கைப் போரிலிருந்து உயிர் தப்பிப் படகேறி வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். அந்தப் போரின் ஒரு கட்டத்தில் நேரடியாகச் சண்டையிட்டது நம் நாட்டு ராணுவம். அமெரிக்கா செய்தால் தவறு என்று சொல்லும் நாம், நம் நாட்டின் படை போன இடத்தில் என்ன நடந்தது என்பதையும் அதே நேர்மையோடு பார்க்க வேண்டும்.

மாலையோடு வரவேற்பு, பத்து வாரத்தில் போர்

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, தமிழ்ப் போராளி இயக்கங்களுக்கு இந்திய மண்ணில் ஆயுதப் பயிற்சி தரப்பட்டது. 1987-இல் யாழ்ப்பாணத்தை இலங்கை ராணுவம் முற்றுகையிட்டபோது இந்தியா நிவாரணப் பொருட்களைப் படகுகளில் அனுப்பியது. இலங்கைக் கடற்படை அவற்றைத் திருப்பி அனுப்பியது. மறுநாள், ஜூன் 4 அன்று, இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. தமிழக மக்கள் மகிழ்ந்தார்கள். யாழ்ப்பாண மக்கள் இன்னும் அதிகமாக மகிழ்ந்தார்கள்.

ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இந்திய அமைதி காக்கும் படை வந்து இறங்கியது. மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். ஆனால் யாருடைய வாழ்வைப் பற்றி ஒப்பந்தம் பேசியதோ, அவர்கள் அதில் கையெழுத்திடவில்லை. வடக்கையும் கிழக்கையும் ஒரே மாகாணமாக இணைக்கும் முடிவு அதில் இருந்தது. கிழக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினராக வாழ்ந்த முஸ்லிம்களுக்கும் அந்தப் பேச்சில் இடம் இல்லை.

செப்டம்பர் 26 அன்று, இந்திய அரசிடம் ஐந்து கோரிக்கைகளை வைத்து உண்ணாவிரதம் இருந்த திலீபன் இறந்தார். அக்டோபர் 5 அன்று, இலங்கைப் படையால் பிடிக்கப்பட்ட புலிகள் 12 பேர் பலாலியில் சயனைடு அருந்தி இறந்தார்கள். அக்டோபர் 10 அன்று, எந்த மக்களைக் காப்பாற்ற வந்தார்களோ அந்த மக்களின் ஊருக்குள்ளேயே இந்தியப் படை போரைத் தொடங்கியது. மாலைக்கும் குண்டுக்கும் இடையே பத்து வாரங்களே இருந்தன.

மருத்துவமனைக்குள் நுழைந்த துப்பாக்கி

1987 அக்டோபர் 21 தீபாவளி நாள். அன்று இந்தியப் படையினர் யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் நுழைந்தார்கள். உள்ளேயிருந்து புலிகள் சுட்டதாக ராணுவத் தரப்பு சொன்னது. அன்றும் மறுநாளும் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர், ஊழியர்கள் என ஏறக்குறைய 70 பேர் கொல்லப்பட்டார்கள். 1989 ஆகஸ்ட்டில், புலிகளின் தாக்குதலில் இந்திய வீரர்கள் சிலர் இறந்ததைத் தொடர்ந்து வல்வெட்டித்துறையில் 50-க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள்.

இதே போன்ற செய்தியை நாம் வேறு இடத்திலும் படித்திருக்கிறோம். 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூஸ் நகரில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திய மருத்துவமனை மீது அமெரிக்க விமானம் குண்டு பொழிந்தது. 42 பேர் இறந்தார்கள். 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் அமெரிக்க ட்ரோன் தாக்குதலில் 7 குழந்தைகள் உட்பட 10 பேர் இறந்தார்கள். முதலில் சரியான தாக்குதல் என்று சொன்ன அமெரிக்க ராணுவம், மூன்று வாரத்துக்குள் தவறு நடந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டது. நாடும் காலமும் வேறு. இறந்தவர்கள் யார் என்று பார்த்தால் வேறுபாடு இல்லை.

அனுப்பப்பட்ட வீரர்களும் பலியானவர்கள்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரில் இறக்கப்பட்ட சீக்கியப் படைப்பிரிவின் 30 பேரில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பரில் யாழ்ப்பாணப் பகுதியில் இறந்தார். அவருக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது. மொத்தம் 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். 1990 மார்ச் 24 அன்று கடைசிப் படையணி திரிகோணமலையிலிருந்து கப்பலேறியது. திரும்பி வந்தவர்களுக்குச் சென்னையில் நடந்த வரவேற்பில் அன்றைய முதலமைச்சர் கருணாநிதி கலந்துகொள்ளவில்லை.

ஏன் இப்படி ஆகிறது?

போனவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் கேள்வி எளிதாக முடிந்துவிடும். உண்மை அப்படி இல்லை. நல்ல எண்ணத்தோடு போகும் படையையும் இதே இடத்தில் கொண்டு நிறுத்தும் காரணங்கள் இருக்கின்றன.

முதல் காரணம், சீருடை இல்லாத எதிரி. போராளியும் கடைக்காரரும் ஒரே சட்டை போட்டிருக்கும் ஊரில், மொழி தெரியாத வீரனுக்கு எல்லோருமே சந்தேகத்துக்குரியவர்கள். நேற்று ஒரு குண்டு வெடித்து நண்பன் இறந்திருந்தால், இன்று அந்தத் தெருவில் கண்ணில் படும் எவரும் எதிரியாகத் தெரிவார். போராளிகளும் மக்கள் நடுவிலிருந்தே சுடுகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்பது குடும்பங்கள்.

இரண்டாவது, உள்ளூர்க் கூட்டாளிகள். அந்நியப் படை தனியாக ஆள முடியாது. ஒரு குழுவைத் தன் பக்கம் சேர்த்து ஆயுதம் கொடுக்கும். இந்தியாவின் ஆதரவோடு வடகிழக்கு மாகாண அரசு அமைந்தது. 1989-இல் தமிழ்த் தேசிய இராணுவம் என்ற பெயரில் இளைஞர்கள் கட்டாயமாகப் பிடித்துச் சேர்க்கப்பட்டார்கள். அமைதிப்படை கிளம்பியதும் அந்தப் பிள்ளைகளில் பலர் புலிகளால் கொல்லப்பட்டார்கள். இன்னொரு பக்கம், இந்தியப் படையை வெளியேற்ற நினைத்த பிரேமதாச அரசு புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தது. அந்த ஆயுதங்களும் கடைசியில் இலங்கை மக்கள் மீதே திரும்பின.

மூன்றாவது, திரும்பி வரும் வழி. எப்படிப் போவது என்று திட்டமிடும் அரசுகள், எப்போது, எந்த நிலையில் திரும்புவது என்று திட்டமிடுவதில்லை. இந்தியப் படை இலங்கையில் இரண்டரை ஆண்டுக்கும் மேல் இருந்தது. அமெரிக்கா ஆப்கானிஸ்தானில் 20 ஆண்டுகள் இருந்தது. கிளம்பும்போது இரண்டு இடத்திலும் ஆட்சி யார் கைக்குப் போனதோ, அவர்களை எதிர்த்துத்தான் அத்தனை நாளும் சண்டை நடந்திருந்தது.

படை போன பிறகு

தலையீட்டின் கணக்கு படை திரும்பும் நாளில் முடிவதில்லை. தெற்கு இலங்கையில் இந்திய எதிர்ப்பை முழக்கமாக்கி ஜே.வி.பி. நடத்திய கிளர்ச்சியிலும், அதை அரசு அடக்கிய விதத்திலும் பல்லாயிரம் சிங்கள இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். 1990 ஜூனில் புலிகளுக்கும் இலங்கை அரசுக்கும் இடையே மீண்டும் போர் மூண்டது. ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷா தொழுகையில் நின்றவர்கள் மீது புலிகள் நடத்திய தாக்குதலில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அக்டோபரில் வடக்கில் வாழ்ந்த முஸ்லிம்கள் அனைவரையும் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்டது இரண்டு மணி நேரம். சுமார் 70 ஆயிரம் பேர் வீடு, கடை, நகை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தார்கள். பலர் புத்தளம் முகாம்களில் வாழ்நாளைக் கழித்தார்கள்.

இந்தக் கொடுமைகளுக்குப் பொறுப்பு அவற்றைச் செய்தவர்களுடையது. ஆனால் அமைதிக்கு உத்தரவாதம் என்று சொல்லி உள்ளே போன ஒரு படை, எல்லோர் கையிலும் முன்பைவிட அதிக ஆயுதமும் அதிக வெறுப்பும் இருந்த நிலையில் வெளியே வந்தது. அதற்கும் பலியானவர்கள் அங்கிருந்த பலவீனமானவர்கள்தான்.

இங்கேயும் அது தொடர்ந்தது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அவரோடு வேறு பலரும் இறந்தார்கள். அந்தக் கொலைக்கு எந்தத் தொடர்பும் இல்லாத அகதிக் குடும்பங்கள் மீது சந்தேகப் பார்வை விழுந்தது. முகாம்களில் கெடுபிடி கூடியது. 1992 முதல் பல ஆயிரம் பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். சிலர் செய்த குற்றத்துக்கு ஒரு சமூகமே பதில் சொல்ல வேண்டிய நிலை எப்படி இருக்கும் என்பதை நம் குடும்பங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1971-இல் நடந்தது சரிதானே?

ஒரு நியாயமான கேள்வி உண்டு. பக்கத்து நாட்டில் மக்கள் கொல்லப்படும்போது கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதா? 1971-இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து ஏறக்குறைய ஒரு கோடி பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள். இந்தியப் படை தலையிட்டது. டிசம்பரில் போர் முடிந்தது. 1972 மார்ச்சில் படை திரும்பிவிட்டது. அகதிகளில் மிகப் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள்.

அந்த உதாரணம் எல்லாத் தலையீட்டுக்கும் அனுமதிச் சீட்டு ஆகாது. அந்த மண்ணின் மக்கள் தேர்தலில் தெளிவாகச் சொன்ன தீர்ப்பு அங்கே இருந்தது. படை தங்கி ஆளவில்லை. பெரும்பாலான தலையீடுகளில் இந்த இரண்டும் இருப்பதில்லை. 2003-இல் ஈராக்கில் பேரழிவு ஆயுதம் இருப்பதாகச் சொல்லி நுழைந்தார்கள். அப்படி ஒன்று கிடைக்கவே இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் அதன் பிறகான வன்முறையில் இறந்தார்கள்.

ஆள் பார்த்து மாறும் நியாயமும் கூடாது. 1990 ஆகஸ்ட்டில் குவைத்துக்குள் படையோடு நுழைந்தவர் சதாம் உசேன். படையெடுத்தவர் முஸ்லிம் என்பதால் அது நியாயமாகிவிடவில்லை. அங்கே வேலை பார்த்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் சம்பாதித்ததை விட்டுவிட்டு விமானத்தில் ஊர் திரும்பினார்கள். தமிழகத்தின் பல முஸ்லிம் வீடுகளில் அந்த ஆண்டு அடுப்பு எரியச் சிரமப்பட்டது.

எல்லாத் துப்பாக்கிக்கும் எதிராக ஒருவர்

யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர் ராஜினி திராணகம. அமைதிப்படையின் அத்துமீறல்களை, குறிப்பாகப் பெண்களுக்கு நடந்தவற்றை, வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்தார். இலங்கை அரசின் குற்றங்களையும் புலிகளின் குற்றங்களையும் அதே நோட்டில் எழுதினார். நண்பர்களோடு சேர்ந்து அவர் எழுதிய நூல் 'முறிந்த பனை'. 1989 செப்டம்பர் 21 அன்று, வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றது புலிகள் என்றே அவருடைய குடும்பமும் தோழர்களும் சொல்கிறார்கள். அவருக்கு வயது 35. இரண்டு சிறு பெண் குழந்தைகள்.

போர் எதிர்ப்பு என்பது இதுதான். எந்தக் கொடியின் கீழ் சுட்டாலும் சுடப்பட்டவரின் பக்கம் நிற்பது. நீதியில் நமக்கு ஒரு தராசு, பிறருக்கு ஒரு தராசு வைக்க நம் மார்க்கம் இடம் தரவில்லை.

நாம் என்ன செய்யலாம்?

அடுத்த முறை ஏதாவது ஒரு நாட்டுக்குள் படை அனுப்ப வேண்டும் என்று டிவியில் யாராவது பேசினால், வீட்டில் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். அந்த நாட்டு மக்கள் அழைத்தார்களா, அவர்களின் அரசு மட்டும் அழைத்ததா? ஒப்பந்தத்தில் அங்குள்ள சிறுபான்மையினருக்கு இடம் உண்டா? படை எப்போது திரும்பும்? பொதுமக்கள் இறந்தால் யார் எண்ணுவார்கள், யார் பதில் சொல்வார்கள்? பதில் இல்லாத இடத்தில் நம் ஆதரவும் இருக்கக் கூடாது.

நம் பக்கத்தில் இருக்கும் முகாம்களையும் மறக்க வேண்டாம். 1983 முதல் தமிழகத்துக்கு வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். 2021 கணக்குப்படி 58 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்னும் முகாம்களில் இருந்தார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, குடியுரிமை இல்லாததால் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாத இளைஞர்கள் அவர்களில் உண்டு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் முஸ்லிம்களை விலக்கியபோது நாம் தெருவுக்கு வந்தோம். பெரும்பாலும் இந்துக்களும் கிறிஸ்தவர்களுமான இந்த ஈழத் தமிழர்களையும் அதே சட்டம் விலக்கியது. இரண்டு கோரிக்கைகளையும் சேர்த்து ஒலிப்பதில் நமக்கு எந்த இழப்பும் இல்லை.

ஜமாஅத் வழங்கும் கல்வி உதவித்தொகைப் பட்டியலில் முகாம் பிள்ளைகள் இரண்டு பேரைச் சேர்க்கலாம். நோன்புக் கஞ்சி காய்ச்சும் மாதத்தில் ஒரு நாள் அங்கேயும் கொண்டுபோகலாம். அங்குள்ள பெரியவர்களிடம் நம் பிள்ளைகளை உட்கார வைத்து, என்ன நடந்தது என்று கேட்கச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் வரும் போர் வீடியோ சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.